காருக்கு அஞ்சிக் கார் வாங்குவோர்

கார் என்ற சொல் தமிழில் முதலில் கருமையையும் மேகத்தையும் மழையையும் குறித்தது. நான்கு சக்கரத்துக் கார் மிகப் பின்னால் ஆங்கிலத்திலிருந்து வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை என்பார்கள் மொழியறிஞர்கள். தாம்பரத்திலும் அதைச் சுற்றிய புறநகர்களிலும் வசிப்பவர்களுக்கு அந்த உறவு உண்டு. முதல் காருக்கு அஞ்சித்தான் நாங்கள் இரண்டாம் காரை வாங்குகிறோம்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இது என்ன பேச்சு என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். முல்லைக்குத் தேர் கொடுத்தவனை விடாமல் நினைவுகூர்கிற மொழி நம்முடையது. ஆனால் ஒரு மத்தியதரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகத் தன் ஆயுளில் செலவிடுகிற பெருந்தொகையைப் பற்றி நாம் எழுதுவதில்லை. நாம் எழுதாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. விளம்பரக்காரன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். பிறகு அவன் கொடுத்த சொற்களைக் கொண்டே நாமும் சிந்திக்கத் தொடங்குகிறோம். கடந்த சில ஆண்டுகளாகக் கல்யாண வீட்டுப் பந்தியிலும், புத்தக வெளியீடு முடிந்து நிற்கிற தேநீர்க்கடையிலும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன்: "இரண்டாவது குழந்தையும் வந்துவிட்டது, அப்பா அம்மாவும் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள், நம் பக்கத்துச் சாலையும் மழைத்தண்ணீரும் உங்களுக்கே தெரியும், ஆகவே ஒரு காம்பாக்ட் எஸ்யூவி."

இந்த வாக்கியத்தின் முதல் மூன்று பகுதிகளும் உண்மை. அதில் வருகிற 'ஆகவே'யோடுதான் எனக்குச் சண்டை.

*

முதலில் இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். ஜி.எஸ்.டி. என்ற மூன்றெழுத்துக்கு எங்கள் பகுதியில் இரண்டு பொருள். ஒன்று, வெள்ளைக்காரன் பெயரிட்டுப் போன கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை. மற்றது, 2017 ஜூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரி. காம்பாக்ட் எஸ்யூவி ஓடுவது முதலாவதில். பிறந்தது இரண்டாவதன் பாட்டனார் காலத்தில்.

2006ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. எஞ்சின் பெட்ரோலானால் 1,200 சி.சி.க்கும் டீசலானால் 1,500 சி.சி.க்கும் மேற்படக்கூடாது. அவ்வளவுதான் இலக்கணம். இதில் எத்தனை பேர் உட்காரலாம் என்ற கேள்வி இல்லை. எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், மோதினால் உள்ளேயிருப்பவர் பிழைப்பாரா, வெளியே நடப்பவர் பிழைப்பாரா என்ற கேள்விகளும் இல்லை. அன்றுமுதல் இந்த நாட்டின் கார் வடிவமைப்பாளர்கள் எல்லாம் அந்த நான்கு மீட்டர் கோட்டுக்குள் எதை அடைக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 2008இல் டாடா தன் இண்டிகோவின் வாலை நறுக்கிக் கோட்டுக்குள் கொண்டுவந்தது. 2012இல் மாருதி டிசையரின் டிக்கி அவ்வாறே குறுகியது. நீளத்தில் வளர முடியாதபோது எஞ்சியிருக்கும் திசை எது? மேலே. வீட்டுமனை குறுகினால் மாடி எழுப்புகிற அதே கணக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2017 ஜி.எஸ்.டி. விதிகள் எஸ்யூவி என்பதற்கு இலக்கணம் வகுத்தன: நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம் குறைந்தது 170 மி.மீ. இந்த மூன்றும் சேர்ந்த வண்டிக்கு வரியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 50 சதவீதம் வரை போயிற்று. சிறிய பெட்ரோல் காருக்கு 29 சதவீதம். ஆக நான்கு மீட்டருக்குள் அடங்கிய காம்பாக்ட் எஸ்யூவி, வரி அதிகாரியின் முன்னே 'நான் எஸ்யூவி அல்ல, சின்னக் கார்' என்று கைகட்டி நின்றது. வாங்குபவரின் முன்னே 'நான் சின்னக் கார் அல்ல, எஸ்யூவி' என்று மார்தட்டி நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் கூடுதல் தீர்வை போய், சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்றாகியிருக்கிறது. விகிதங்கள் மாறின, நான்கு மீட்டர் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே நிகழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து தெற்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில் போனால் மறைமலைநகர். பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் பெயரால் அமைந்த ஊர். அந்த ஊரின் ஃபோர்டு ஆலையிலிருந்துதான் 2013 ஜூனில் ஈகோஸ்போர்ட் வெளிவந்தது. நான்கு மீட்டருக்கு மயிரிழை குறைவு. தோற்றத்தில் காட்டுக்குப் போகிற வண்டி. நடுத்தரக் குடும்பத்தின் ஆசையை அது திசைமாற்றிவிட்டது. 2016இல் பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் வென்யூ என்று வரிசை நீண்டது. தனித்தமிழில் இவற்றுக்கெல்லாம் மகிழுந்து என்று பெயர். அந்த மகிழ்ச்சியின் கதை ஆலையில் எப்படி முடிந்தது? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல், இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்த காலத்தில், மறைமலைநகரின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. 2029 முதல் அங்கே எஞ்சின்கள் தயாரிக்கப்படும் என்று 2025இல் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. கார் பற்றிப் பேச்சில்லை.

*

இனி உயரத்துக்கு வருவோம். 'ஆகவே'யின் உயிர்நாடி அதுதான்.

சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறத்தாழ 165 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரகடத்தில் தயாராகிற மேக்னைட், கைகர் இரண்டுக்கும் 205 மி.மீ. வித்தியாசம் 40 மி.மீ. நம் பழைய அளவையில் இரண்டு விரற்கடை. இதை வைத்துக்கொண்டு எந்த வெள்ளத்தை எதிர்கொள்ளப்போகிறோம்? 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகுகள் வந்தன. படகு மிதக்கிற தெருவில் இரண்டு விரற்கடை எதற்கு?

கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வேகத்தடையிலும் மேடுபள்ளத்திலும் அடிதட்டாமல் போவதற்கான அளவு. தண்ணீரில் போவதற்கான அளவு வேறு. எஞ்சின் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தக் குழாய்க்குள் நீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது; காற்றைப் போல நீர் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சின் கெடும். நின்றுபோன வண்டியைத் தண்ணீருக்குள்ளேயே மறுபடி ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கட்டணம் செலுத்தியிராவிட்டால் சாதாரணக் காப்பீட்டில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஓடுகிற நீரானால் இன்னும் மோசம். இரண்டடி ஆழம் போதும், எஸ்யூவி உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்ல என்று அமெரிக்க வானிலைத் துறை பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறது. உயரமான வண்டி தருகிற உண்மையான அபாயம் இதுதான்: அது தண்ணீரைக் கடக்கும் திறனைத் தருவதில்லை, கடக்கலாம் என்ற துணிச்சலை மட்டும் தருகிறது.

இதற்குச் சான்று என்னிடமில்லை, வேளச்சேரி மேம்பாலத்திடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனேயும், அந்தப் பாலத்தின் இருமருங்கிலும் கார்கள் வரிசையாக நின்றன. படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சின்னக் கார்களோடு தோளுரசி எஸ்யூவிகளும் நின்றன. தண்ணீரிலிருந்து தன்னைக் காப்பாற்றும் என்று வாங்கிய வண்டியை, தண்ணீரிலிருந்து காப்பாற்ற உடையவரே மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி, வயதான பெற்றோரும் குழந்தைகளும் இருக்கிற வீட்டை நோக்கி நடந்துபோகிறார். வண்டி பாலத்தின் மேலே, குடும்பம் தண்ணீரின் நடுவே. அவர்களை நான் கேலி செய்யவில்லை. வேறு என்ன செய்வார்கள்? ஆனால் அந்த 205 மி.மீ.மீது அதை வாங்கியவருக்கே நம்பிக்கையில்லை என்பதை அந்தப் பாலம் ஊரறியச் சொல்லிவிட்டது.

நாம் விலைகொடுத்து வாங்குகிற அந்த இரண்டு விரற்கடை உண்மையில் நாம் இழந்த ஏரிகளுக்கான தனியார் ஈடு. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் இறுதியில் சேருமிடம் பள்ளிக்கரணைச் சதுப்பு. அந்தச் சதுப்பின் பெரும்பகுதியில் கட்டடங்களை எழுப்பினோம். ஒரு மூலையில் பெருங்குடிக் குப்பைமேட்டை வளர்த்தோம். எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. மேற்கே அடையாற்றின் படுகையில் மனை போட்டு விற்றோம், வாங்கினோம். 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. பல்லாவரமும் பம்மலும் பெருங்களத்தூரும் அதற்குள் வந்தன. மழைநீர் வடிகாலைக் கேட்டு வார்டு அலுவலகத்துக்கு ஒருமுறைகூடப் போயிராத நாம், ஐந்தாண்டு மாதத் தவணையில் அவரவர்க்கு அவரவர் மேட்டை வாங்கிக்கொள்கிறோம். பொதுவாகத் தீர வேண்டிய ஒன்றைத் தனித்தனியாக விலைக்கு வாங்குவது நம் வர்க்கத்தின் பழைய பழக்கம். தண்ணீர் கேன், இன்வெர்ட்டர், ட்யூஷன், இப்போது கிரவுண்ட் கிளியரன்ஸ்.

*

'குடும்பம் பெரிதாகிறது' என்ற பகுதிக்கு வருகிறேன். எண்ணிப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், தாத்தா, பாட்டி. ஆறு பேர். காம்பாக்ட் எஸ்யூவியில் இருக்கைகள் ஐந்து. ஐந்தாவதும் பெயருக்குத்தான்: பின்னிருக்கையில் இரண்டு குழந்தை இருக்கைகளை முறைப்படி பொருத்திவிட்டால் நடுவே எஞ்சுவது ஒரு பெரியவர் உட்காரப் போதாத இடுக்கு.

நாங்கள் ஆறு பேருமாக ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தோம். பளபளவென்று நின்ற வண்டியில் எல்லோரும் ஏறிப் பார்த்தோம். ஒருவருக்கு இடமில்லை. விற்பனை செய்யும் பையன் நல்ல பையன், சிரித்துக்கொண்டே கேட்டான்: "பாட்டி என்ன தினமுமா சார் வரப்போறாங்க?" என் அம்மா உடனே, "நான் வீட்லயே இருந்துக்கறேன்டா, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் வண்டியின் மேற்கூரை திறப்பதைக் காட்டத் தொடங்கினான். 2006இல் டெல்லியில் ஒரு காகிதத்தில் போட்ட கோடு, எங்கள் வீட்டில் வந்து அம்மாவுக்கு இந்தப் பக்கமாக நின்றது என்று அப்போது தோன்றியது.

அம்மா வராவிட்டால் என்ன, சின்னவனை மடியில் வைத்துக்கொண்டால் அம்மாவும் வரலாமே என்பது நம் ஊர் வழக்கமான தீர்வு. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நிற்கும் கணத்தில், மடியிலிருக்கும் பத்துக் கிலோ குழந்தை தன் எடையைப்போலப் பதின்மடங்குக்கும் மேற்பட்ட விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. ஒரு குழந்தை இருக்கையைக்கூடக் காணாத எத்தனை எஸ்யூவிகள் நம் பள்ளிக்கூட வாசல்களில் நிற்கின்றன என்று ஒரு காலை நேரத்தில் எண்ணிப் பாருங்கள்.

ஆறு பேருக்கு வண்டி இல்லையா என்றால், இருக்கிறது. நான்கு மீட்டருக்குள்ளேயே ஏழு இருக்கைகளை அடைத்த ட்ரைபர் 2019இல் வந்தது. மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர், இரண்டு பைகளுக்கான இடம். இன்னும் வசதியாக எர்டிகா இருக்கிறது. ஆனால் அதன் நீளம் நான்கு மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,462 சி.சி.; ஆகவே வரி 40 சதவீதம். ஐந்து பேர் ஏறும் உயர்ந்த வண்டிக்கு 18, ஏழு பேர் ஏறும் நீண்ட வண்டிக்கு 40. கூட்டுக் குடும்பம் நம் பண்பாடு என்று மேடைதோறும் முழங்குகிற நாட்டின் வரிக்கொள்கை, குடும்பத்தைப் பார்த்து 'ஐந்தாகச் சுருங்கு' என்கிறது. பிரெஸ்ஸா போல நான்கு மீட்டருக்குள் நின்றும் எஞ்சின் பெரிதாகையால் 40 கட்டுகிற வண்டிகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் எடுத்துக்காட்டித் திருத்த வேண்டாம்.

*

எதிர்த்தரப்புக்கு நியாயமே இல்லையா? ஒன்று உண்டு. முழங்கால் தேய்ந்த பெரியவர்களுக்குத் தாழ்ந்த செடானில் விழுந்து எழுவது வேதனை. இடுப்பு மட்டத்தில் இருக்கை அமைந்தால் அவர்கள் சிரமமில்லாமல் உட்காரலாம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சௌகரியத்தை 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவும், 1999இல் வந்த வேகன் ஆரும் எஸ்யூவி என்று பெயர் சூட்டிக்கொள்ளாமலேயே கொடுத்தன.

பாதுகாப்பு என்று இன்னொரு வாதம். உயரமும் உறுதியும் ஒன்றல்ல. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் நெக்ஸான் என்பது உண்மை. ஆனால் 2020இல் அதே ஐந்தைப் பெற்ற ஆல்ட்ராஸ் ஒரு ஹேட்ச்பேக். 2024இல் பெற்ற டிசையர் ஒரு செடான். காப்பாற்றியது கூட்டின் உறுதியே தவிர உயரம் அல்ல. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் சோதனைகளும் நடக்கின்றன. முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. கிரவுண்ட் கிளியரன்ஸைக் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அவற்றைக் கேட்கிறார்கள்?

உள்ளே இருப்பவரின் பாதுகாப்பைப் பேசுகிற நாம் வெளியே இருப்பவரை மறந்துவிடுகிறோம். முன்முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள, சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வொன்று 2023இல் கண்டது. நம் சிறிய எஸ்யூவிகள் அமெரிக்கப் பூதங்களின் உயரத்துக்கு வரவில்லை; ஆனால் போகிற திசை அதுதான். நடைபாதையே இல்லாத மாடம்பாக்கத்துத் தெருவிலும் ராஜகீழ்ப்பாக்கத்துச் சந்திலும் பானெட்டுக்குக் கீழே நிற்கிற சின்னப் பிள்ளை யாருடையது? பெரிதாகிக்கொண்டிருக்கிற இன்னொரு குடும்பத்தினுடையது.

*

கார் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1931 முதல் மின்ரயில் ஓடுகிற தாம்பரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லும் தகுதி எனக்கிருந்தாலும், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அப்பாவை ரயிலில் கொண்டுபோக முடியாது. நான் சொல்வது, அளவுகோலை மாற்றுங்கள் என்று. வாங்கப்போகும்போது வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தோளைக் குறுக்காகத் தழுவும் பெல்ட்டும் தலைச்சாய்வும் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவை இரண்டுமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிறகு நட்சத்திரத்தைக் கேளுங்கள். உயரத்தைக் கடைசியில் கேளுங்கள், கேட்காவிட்டாலும் பாதகமில்லை. மிச்சமாகும் பணத்தையும் கோபத்தையும் ஏரிக்கும் வடிகாலுக்குமாகச் செலவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் ஏழு இருக்கைகள் கொண்ட பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். அழகில்லை, உயரமில்லை, மேற்கூரை திறக்காது. மழை எச்சரிக்கை வந்தால் அதை எடுப்பதில்லை. மற்ற நாட்களில் ஆறு பேரும் ஆறு பெல்ட்டோடு போகிறோம். அம்மா இரண்டாம் வரிசையில் சன்னலோரம். இரண்டாவது குழந்தை வந்துவிட்டது, அப்பா அம்மாவும் வந்துவிட்டார்கள், ஆகவே ஆறு இருக்கைகள் வேண்டும். அந்த வாக்கியத்தில் 'ஆகவே' என்ற சொல்லுக்குப் பிறகு வரத்தக்கது இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.